மிச்சத்தை மறக்கலாமா?

"சுட்டுவிட்டார்கள், தொல்லை தீர்ந்தது!" என்று மருத்துவச் சீட்டைக் கிழித்தெறியும் தோழர்கள் உண்டு. சிறுநீர்ப்பைக்கு அடியிலுள்ள ப்ராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் கண்டவர்கள் அப்படி இருந்துவிடக் கூடாது என்கிறோம்.

கட்டியுள்ள இடத்தை மட்டும் ஒலி அலையால் சுட்டோ, குளிரால் உறையவைத்தோ அழிக்கும் முறை வந்திருக்கிறது. சிறுநீர்க் கசிவும் ஆண்மைக் குறைவும் இதில் குறைவு, வரவேற்கிறோம். ஆனால் மிச்சச் சுரப்பி உள்ளேயே இருக்கிறதே! அது பி.எஸ்.ஏ. என்ற பொருளைச் சுரந்துகொண்டேதான் இருக்கும். சுரப்பியை முழுதும் எடுத்தவருக்கு, இரத்தத்தில் அது மில்லி லிட்டருக்கு 0.2 நானோகிராமைத் தொட்டாலே நோய் திரும்பியதோ என ஐயுறுவர். பாதியை வைத்திருப்பவருக்கு அப்படி எல்லோரும் ஒப்பிய எல்லைக்கோடு கிடையாது. ஆகவே இரத்தச் சோதனை மட்டும் போதாது. எம்.ஆர்.ஐ. படம் வேண்டும், ஓராண்டுக்குள் ஊசியால் சதை எடுத்துப் பார்க்கவும் வேண்டும், சுட்ட இடத்திலும் சுடாத இடத்திலும்! பிறகும் ஆண்டுக்கணக்கில் கண்காணிப்பு.

"வலியே இல்லையே, எதற்குப் போவது?" என்பார்கள். திரும்பி வரும் நோய் தொடக்கத்தில் வலிப்பதில்லை, தோழர்களே! வெட்கம் வேறு. கூலிக்காக முழங்கும் வாய் இதற்கு மட்டும் ஏன் அடைத்துக்கொள்கிறது?

தொழிலாளியை மட்டும் குறைகூற மாட்டோம். சோதனைக்குப் போனால் அன்றைய கூலி போகிறது. அடுப்பு எரிய வேண்டாமா? சிகிச்சை நாளுக்குத் தரும் சம்பள விடுப்பைச் சோதனை நாளுக்கும் தரவேண்டும். அடுத்த ஊதிய ஒப்பந்தத்தில் இந்த ஒரு வரியையும் சங்கங்கள் எழுதிக் கேட்கட்டும்!