கல் வீடு கட்டலாம், குடியிருப்பது யார்?

லண்டன் நகருக்கு மேற்கே காட்ஸ்வோல்ட்ஸ் என்று ஒரு குன்றுப் பிரதேசம் இருக்கிறது. அங்கே பூமியைத் தோண்டினால் சுண்ணாம்புக் கல் கிடைக்கும். வடக்கே தேன் நிறம். தெற்கே போகப் போக வெளிறிய நிறம். அந்தக் கல்லாலேயே பழைய காலத்து ஜனங்கள் வீடு, மாதா கோயில், வயல்சுவர் எல்லாம் கட்டினார்கள். பைபரி கிராமத்தில் ஆர்லிங்டன் ரோ என்ற கல் வீட்டு வரிசை இன்றும் நிற்கிறது. சுமார் 1380-ல் கம்பளிக் கிடங்காகக் கட்டியது. பிற்பாடு நெசவாளர் குடியிருப்பாயிற்று.

1966-ல் இப்பிரதேசத்தை இயற்கை எழில் மிக்க இடமாக அறிவித்தார்கள். சுமார் 2,000 சதுர கிலோ மீட்டர் பரப்பு இப்போது பாதுகாப்பில் இருக்கிறது. புது வீடு கட்ட உள்ளூர் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ஊரோடு ஒத்துப்போகும் கல்லைப் போடச் சொல்கிறார்கள்.

கல் போட்டால் மட்டும் போதுமா? போதாது. இன்றையச் சுவர் உள்ளே சிமெண்ட் கல், வெளியே இயற்கைக் கல், நடுவே குளிர் புகாமல் தடுக்கும் பொருள். இதில் குற்றமில்லை. கூரையில்தான் குட்டு வெளிப்படும்!

பழைய கூரைகளில் ஓடும் கல்தான். ஸ்டோன்ஸ்ஃபீல்ட் என்ற ஊரில் அக்காலத்தில் வெட்டிய கல்லை ஈரம் உலராமல் வைத்திருந்தார்கள். மார்கழி, தை மாதத்து உறைபனியில் அதைத் திறந்து வைத்தார்கள். கல்லுக்குள் இருக்கும் நீர் உறைந்து பருக்கும். கல் ஏடு ஏடாகப் பிளக்கும். பனியே கல்தச்சன்! பெரிய ஓடுகள் கீழே, சிறியவை உச்சியில். மழைநீர் தங்காமல் வழியக் கூரை செங்குத்தாகச் சரிந்திருக்கும். இந்தச் சரிவை விட்டுவிட்டுத் தட்டையான கூரை போட்டால், எத்தனை விலை உயர்ந்த கல் வைத்தாலும் வீடு ஊருக்கு அந்நியமாகவே நிற்கும்.

அடுத்தது பணம். நல்ல கல்லும் கொத்தனார் கூலியும் செலவை ஏற்றுகின்றன. ஆகவே கல்தூளும் சிமெண்டும் கலந்து வார்த்த கல்லைப் பலர் நாடுகிறார்கள். கூரைச் சரிவும் சுவரின் அளவும் சரியாக இருக்குமானால் அதை ஏளனம் செய்ய வேண்டியதில்லை.

ஏனெனில், இங்கே வீட்டு விலை ஏற்கெனவே மிக அதிகம். லண்டன் தனவந்தர்கள் வாரக் கடைசியில் தங்குவதற்கென்றே வீடு வாங்குகிறார்கள். அதே ஊர்ப் பண்ணையாளும் பள்ளி ஆசிரியையும் வீடு கிடைக்காமல் வெளியூரில் குடியிருந்து வேலைக்கு வருகிறார்கள். நெசவாளர்கள் வாழ்ந்த வீடுகளைப் போலவே புது வீடுகள் எழுகின்றன. வார நாட்களில் அவற்றில் சிலவற்றில் விளக்கே எரிவதில்லை.