ஆட்சியர் அவர்களே, அந்தப் பொத்தானை அணைக்கச் சொல்லுங்கள்

தேனி மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் பக்கத்து இ-சேவை மையங்களில் காலையிலேயே ஆள் சேர்ந்துவிடுகிறது. ஏலத்தோட்ட வேலைக்குக் குமுளி, கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் போகிறவர்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வாரிசுச் சான்றுக்கும் பட்டா மாறுதலுக்கும் வந்து நிற்கிறார்கள். அவர்களுடைய ஆதார், குடும்ப அட்டை, கிரயப் பத்திரம், இறப்புச் சான்று எல்லாம் ஸ்கேன் ஆகிறது. விண்டோஸ் கணினியில் யாரும் மாற்றி வைக்காவிட்டால் அந்த பிடிஎஃப் திறப்பது எட்ஜ் பிரவுசரில்தான். அதன் மேல் மூலையில் கோபைலட் என்று ஒரு பொத்தான். அழுத்தினால் ஓரத்தில் ஒரு பலகம் விரிந்து, திறந்திருக்கும் பக்கத்தைச் சுருக்கித் தரட்டுமா என்று கேட்கும். சரி என்றால் அதில் உள்ளது அந்தப் பிரவுசரை நடத்தும் நிறுவனத்தின் சர்வருக்குப் போகும்.

ஒரு மையத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். பழைய பத்திரம், எழுத்து மங்கியிருந்தது. கணினியில் இருந்த தம்பி நல்ல எண்ணத்தோடுதான் அந்தப் பொத்தானை அழுத்தினார். சர்வே எண், நான்கு எல்லை, காலமான கணவரின் பெயர் எல்லாம் சுருக்கமாக வந்து நின்றன. அந்த நிலத்துக்குச் சொந்தக்காரரான அம்மா டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அந்தத் தம்பிக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் அவர் மீது எனக்குக் குறை இல்லை. பொத்தானை அங்கே வைத்தது அவர் அல்ல.

அலுவலகக் கணினிகளிலும் சாதனங்களிலும் சாட்ஜிபிடி, டீப்சீக் போன்ற ஏஐ கருவிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஒன்றிய நிதி அமைச்சகம் 2025 ஜனவரி 29 தேதியிட்ட சுற்றறிக்கையில் தன் ஊழியர்களுக்குச் சொன்னது. அரசின் ரகசியத் தகவல் வெளியே போய்விடும் என்பதே காரணம். டெல்லிக் கோப்புக்கு இருக்கும் அந்தக் காப்பு, ஆண்டிபட்டிக்காரரின் பட்டாவுக்கும் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

சட்டமும் இந்தத் திசையில்தான் நிற்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதலைத் திரும்பப் பெறுவது அதைக் கொடுத்தது எவ்வளவு எளிதாக இருந்ததோ அதே அளவுக்கு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுவிட்டன. ஆனால் பிரவுசர்களில் நடப்பது என்ன? ஏஐ வசதி ஒரு அப்டேட்டில் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதை அணைக்க, செட்டிங்ஸ் உள்ளே நான்கைந்து இடங்களில் தேட வேண்டியிருக்கிறது. ஆங்கிலம் தெரிந்த எனக்கே பொறுமை போகிறது.

அணைப்பது முடியாத காரியம் என்று யாராவது தங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம். பயர்பாக்ஸை ஏஐ பிரவுசர் ஆக்கப் போவதாக, அதை உருவாக்கும் மொசில்லாவின் புதிய தலைவர் 2025 டிசம்பரில் அறிவித்ததும் பயனர்கள் கொதித்துப் போனார்கள். அதன் பிறகு, 2026 பிப்ரவரியில் வந்த 148ஆம் பதிப்பில் எல்லா ஏஐ வசதிகளையும் ஒரே இடத்தில் தடுக்கும் சுவிட்சை வைத்துவிட்டார்கள். இனி வரப்போகும் வசதிகளுக்கும் அந்தத் தடை செல்லும். அடுத்த அப்டேட்டில் மறுபடி முளைக்காது. வேண்டியதை மட்டும் திறந்துகொள்ளவும் வழி உண்டு. இது முக்கியம். பயர்பாக்ஸின் மொழிபெயர்ப்பு கணினிக்குள்ளேயே நடக்கிறது, பக்கத்தில் உள்ள எழுத்து வெளியே போவதில்லை. பார்வையற்ற மாணவருக்கு உதவும்படி பிடிஎஃபில் சேர்க்கும் படத்துக்கு விவரணை எழுதும் வசதியும் அந்த சுவிட்ச் தடுக்கும் பட்டியலில் இருக்கிறது. அவற்றை யாரிடமிருந்தும் பறிக்கக் கூடாது.

குரோமுக்கும் எட்ஜுக்கும் வேறு வழி. பல கணினிகளை ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கும் அலுவலகங்களுக்காக அந்த நிறுவனங்களே கொள்கை அமைப்புகளைத் தந்திருக்கின்றன. குரோமில் 'ஜென்ஏஐ டீஃபால்ட் செட்டிங்ஸ்' என்ற ஒரு அமைப்பிலேயே பெரும்பாலான ஏஐ வசதிகளுக்குத் தடை போடலாம். எட்ஜின் ஓரப் பலகத்துக்கும் இதுபோல அமைப்பு உண்டு. செலவு கிடையாது. மாவட்ட மின் ஆளுமை மேலாளரும் தேசியத் தகவலியல் மையத்தின் மாவட்ட அலுவலரும் உட்கார்ந்தால் முடிகிற வேலை.

இதைவிடவும் கவலை தருவது, நம் சார்பில் தானே கிளிக் செய்து வேலை முடிக்கும் புதுவகை ஏஐ பிரவுசர்கள். பெர்பிளெக்சிட்டியின் காமெட் பிரவுசரைச் சோதித்த முடிவை 2025 ஆகஸ்டில் பிரேவ் நிறுவன ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஒரு வலைப்பக்கத்தில் ஒளித்து எழுதிய வரிகளை அது பயனரின் கட்டளையாகவே எடுத்துக்கொண்டு, அவருடைய மின்னஞ்சல் முகவரியையும் ஓடிபியையும் வெளியே கொடுத்துவிட்டது. பிறகு திருத்தம் வந்தது. ஆனாலும் இந்த வகைப் பிரவுசர்களை இப்போதைக்குத் தடுத்து வையுங்கள் என்று அந்த ஆண்டு டிசம்பரில் கார்ட்னர் ஆய்வு நிறுவனம் அலுவலகங்களுக்கு அறிவுரை சொன்னது. நாள் முழுக்க ஊரார் ஓடிபி வந்து விழும் இ-சேவைக் கணினியில் இப்படி ஒன்று நுழைந்தால் என்ன ஆகும்?

கல்லூரிப் பிள்ளைகளுக்கு மாநில அரசு 2026 ஜனவரியில் கொடுக்கத் தொடங்கிய மடிக்கணினியோடு அதே பெர்பிளெக்சிட்டியின் புரோ சேவைக்கான ஆறு மாதச் சந்தாவும் சேர்ந்து வருகிறது. போடியிலும் பெரியகுளத்திலும் முதல் தலைமுறையாகக் கல்லூரி போகும் பிள்ளைக்கு அந்தக் கணினி பெரிய வரம். அதை மனதாரப் பாராட்டுகிறேன். கொடுக்கும் கையோடு, ஏஐ வசதிகளை எங்கே போய் அணைக்கலாம், எங்கே திறக்கலாம் என்று தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுத்தால் என்ன?

தேடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். திராட்சையில் அடிச்சாம்பல் நோய்க்கு மருந்து தேடினால் கூகுளில் முதலில் வருவது ஏஐ சுருக்கம். மருந்தின் வீரியத்தைச் சொல்லாமல் லிட்டருக்கு இவ்வளவு என்று அது சொன்னால், தெளிப்பவர் அப்படியே கலக்குவார். கொடி கருகினால் யாரிடம் போய்க் கேட்பது? ஆனைமலையன்பட்டியில் திராட்சை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. போடி ஏலக்காய் மின்னணு ஏலத்தின் அன்றாட விலையை நறுமணப் பொருள் வாரியம் தன் பக்கத்திலேயே வெளியிடுகிறது. இந்த மூலங்களுக்கு நேராகப் போவதே நல்லது. கூகுள் தன் சுருக்கத்தை அடியோடு நிறுத்த வழி வைக்கவில்லை; ஆனாலும் தேடல் பக்கத்தில் 'வெப்' என்பதை அழுத்தினால் பழையபடி இணைப்புகள் மட்டும் வரும். நூலகங்களிலும் பள்ளி உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களிலும் இதை முதல் பாடமாகச் சொல்லித் தரலாம்.

தங்களிடம் நான் வேண்டுவது ஒரு சுற்றறிக்கை. மாவட்டத்தின் அரசு அலுவலகம், இ-சேவை மையம், பள்ளி, நூலகக் கணினிகளின் பிரவுசர்களில் ஏஐ வசதிகள் அணைந்தே இருக்க வேண்டும். தேவைப்படுவோர் கேட்டுத் திறந்துகொள்ளலாம். பொதுமக்களின் ஆவணத்தை அவர்கள் சம்மதம் இல்லாமல் எந்த ஏஐயிடமும் கொடுக்கக் கூடாது. தனியார் நடத்தும் இ-சேவை மையங்களுக்கும் இது பொருந்த வேண்டும், ஏனென்றால் கிராமங்களில் பலருக்கு அவைதான் அருகில் இருக்கின்றன. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் இதையே மனுவாகவும் கொடுக்கிறேன். தாங்கள் படித்து உத்தரவிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உத்தமபாளையத்திலிருந்து ஒரு குடிமகன்