படிக்கப்படாத முதலிதழ்கள்

அமெரிக்கச் சித்திரக்கதை முதலிதழ்களை வாங்கிப் பூட்டிவைத்தாற் பிற்காலத்திற் பெரும்பொருள் கிட்டுமோ என என் மாணாக்கன் ஒருவன் வினவினான். 1938இல் 'சுப்பர்மேன்' முதன்முதல் தோன்றிய 'அக்ஷன் கொமிக்ஸ்' முதலிதழின் விலை 10 சதம். 2024இல் அதன் படியொன்று 60 இலட்சம் டொலருக்கு ஏலம் போயிற்று. இச்செய்தியே அவனை மயக்கிற்று.

அவ்விதழ் அரிதானதற்குக் காரணம் யாது? சிறுவர் அதனைப் படித்தனர், கிழித்தனர், எறிந்தனர். போர்க்காலத்துக் கழிவுத்தாட் சேகரிப்பிலும் பழைய இதழ்கள் பல அழிந்தன. எஞ்சியவை சிலவே. 1991இல் வெளிவந்த 'எக்ஸ்-மென்' முதலிதழின் கதையோ வேறு. வருங்கால இலாபங் கருதிப் பலர் பல படிகளை வாங்கிப் பேணினர்; 80 இலட்சத்துக்கு மேற்பட்ட படிகள் விற்பனையாயின. எல்லாருங் காத்துவைத்த பொருள் எங்ஙனம் அரிதாகும்? இன்றும் அது மலிவாகவே கிடைக்கின்றது.

2003இல் வெளிவந்த 'வோக்கிங் டெட்' முதலிதழ் ஏறத்தாழ 7,300 படிகளே அச்சாயிற்று. 2010இல் அக்கதை தொலைக்காட்சித் தொடரானபின் இதழின் விலையும் உயர்ந்தது. அதனை முன்னரே அறிந்தார் யாவர்?

இக்காலத்தில் விலைமிக்க படிகளுக்குத் தரமிட்டு, அவற்றைப் பிளாஸ்டிக் உறையுள் இட்டு மூடி முத்திரையிடுகின்றனர். உறையைத் திறப்பின் தரச்சான்று செல்லாது. படித்தால் மதிப்பிழக்கும் ஒன்றை நூலென்பதா, நாணயமென்பதா? ஆதலின் யான் மாணாக்கனுக்குக் கூறியது இதுவே: விரும்பிய கதையை வாங்குக, வாங்கியதை வாசித்து மகிழ்க. விலை ஏறாவிடினும் வாசித்த பயன் குறையாது.