முகம் மறவாதவர்களும் எமது முகங்களும்

ஒருமுறை பார்த்த முகத்தைப் பல ஆண்டுகளுக்குப் பின்னரும் கூட்டத்தில் இனங்காணக்கூடிய சிலர் இருக்கிறார்கள். 2009 இல் ஹாவார்ட் ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட நால்வரைப் பரிசோதித்து, இது தனியான ஓர் ஆற்றல் என்று எழுதினார்கள். 2011 கலவரத்தின்போது எடுக்கப்பட்ட காணொளிகளில் சந்தேக நபர்களை அடையாளங்காண லண்டன் பொலிஸ் இத்தகையோரைப் பயன்படுத்தியது. பின்னர் அவர்களுக்கெனத் தனிப் பிரிவே அமைத்தது.

மொன்றியலுக்கும் இதில் பங்குண்டு. மொன்றியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்று 2024 இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு விநாடி நேர மூளை மின்னலைப் பதிவை வைத்தே ஒருவருக்கு இந்த ஆற்றல் உண்டா என்பதை 80 சதவீதம் வரை சரியாகச் சொல்லலாம் எனக் காட்டியது. ஆட்களைத் தேர்ந்தெடுப்பது இனி இலகுவாகலாம்.

இயந்திரத்துக்கு இங்கே கடிவாளம் உண்டு. இணையத்திலிருந்து 300 கோடிக்கும் மேற்பட்ட படங்களை அள்ளிய கிளியர்வியூ நிறுவனம் செய்தது பெருந்திரள் கண்காணிப்பு என்று, கனடிய தனியுரிமை ஆணையரும் கியூபெக் தகவல் அணுகல் ஆணையமும் வேறு இரு மாகாணங்களுடன் சேர்ந்து 2021 பெப்ரவரியில் அறிவித்தன. கியூபெக்கில் முகம், கைரேகை போன்றவற்றின் தரவுத்தளத்தை உருவாக்குபவர், அதைப் பயன்படுத்தத் தொடங்க 60 நாட்களுக்கு முன்பே ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும். ஆனால் அந்தச் சட்டம் தரவுத்தளத்துக்கானது. ஒரு பொலிஸ்காரரின் நினைவு தரவுத்தளம் அல்ல.

எங்களுக்கு இது புதிய விடயமா? சுற்றிவளைப்பு நாட்களில், சாக்கால் முகம் மூடி, கண்களுக்கு மட்டும் துளையிட்டு இருத்தப்பட்ட தலையாட்டியின் முன்னால் வரிசையில் நடந்தவர்கள் இந்த நகரிலும் இருக்கிறார்கள். அந்தத் தலை அசைந்தால் போதும், ஆளைக் கொண்டுபோனார்கள். அவர் உண்மையிலேயே அடையாளம் கண்டாரா, அடிக்குப் பயந்து ஆட்டினாரா என்று கேட்க வழி இருக்கவில்லை. மொன்றியல் பொலிஸை அந்த இராணுவத்தோடு ஒப்பிடுவது நியாயமில்லை. இங்கே நீதிமன்றம் இருக்கிறது, குறுக்கு விசாரணை இருக்கிறது. ஆனாலும் ‘எனக்குத் தெரியும், இவர்தான்’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்ற கேள்வி இரண்டு இடத்திலும் ஒன்றே.

எம்மவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தாம் வளர்ந்த சூழலில் காணாத இனத்தவரின் முகங்களை மனிதர் எளிதில் குழப்பிக்கொள்வார்கள். அதீத ஆற்றல் உள்ளவர்களும் இதற்கு விலக்கல்ல. 2019 இல் வெளியான ஓர் ஆய்வில், வெள்ளையரான அவர்கள் ஆசிய முகங்களை அடையாளங்கண்டது சாதாரண ஆசியர்களின் அளவில்தான். தம் இன முகங்களில் காட்டிய அபாரம் அங்கே இல்லை. பார்க் எக்ஸ்ரென்ஷனில் பேருந்துக்கு நிற்கும் தமிழ்ப் பொடியன்களில் ஒருவனைச் சுட்டிக்காட்டும் விரல், எந்த முகங்களில் சோதிக்கப்பட்ட கண்ணுக்குச் சொந்தமானது?

கறுப்பினத்தவரும் பூர்வகுடியினரும் இந்நகரில் வெள்ளையரைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக வீதியில் மறிக்கப்படுகிறார்கள் என்று 2019 இல் ஒரு சுயாதீன ஆய்வே சொன்னது. ஆகவே இத்தகைய பொலிஸ் பிரிவு பற்றிய பேச்சு இங்கே எழும்போது, ‘எவ்வளவு திறமைசாலிகள்’ என்பதற்கு முன்பாக வேறு மூன்றைக் கேட்க வேண்டும். எந்த இன முகங்களைக் கொண்டு சோதித்தீர்கள்? பிழையான அடையாளங்களையும் பதிவுசெய்கிறீர்களா? வேறு சான்று இல்லாமல் ஒருவரைக் கைதுசெய்வீர்களா?