சொந்த வீட்டுல ஆணி அடிக்க யாரைக் கேட்கணும்?

தாபோடிக்கு வந்த புதுசுல எங்களுக்கு ஒன் ஆர்.கே வீடு. சாவியைக் கொடுக்கும்போதே ஓனர் சொன்ன முதல் விதி, "சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது." சரின்னு தலையாட்டிட்டு, முருகர் படத்தை அலமாரி மேல சாய்ச்சு வெச்சோம். வாடகை வீடு, அவர் சொல்றது நியாயம். ஊரை விட்டு வந்த நம்ம எல்லாருக்கும் பழகின கதைதான் இது.

ஆனா காசு கொடுத்து வாங்கின பொருளுக்கும் இதே விதியைப் போட்டா?

மேட்டருக்கு வர்றேன். வீட்டுல ஒரே மேசை, ஒரே கம்ப்யூட்டர். என் ஆபீஸ் ஆணி எல்லாம் லினக்ஸ்ல. மகள் ஆர்க்கிடெக்சர் படிக்கிறா. ரெவிட்டும் 3டிஎஸ் மேக்ஸும் விண்டோஸ்ல மட்டும்தான் ஓடும். ரெண்டையும் தனித்தனியா போட்டு மாத்தி மாத்தி பூட் பண்ணினா, அவ உக்காரும்போது நான் ஓட விட்ட டெஸ்ட் எல்லாம் பாதியில நிக்கும். அதனால லினக்ஸுக்குள்ளேயே ஒரு விர்ச்சுவல் மெஷின், அதுக்குள்ள விண்டோஸ்.

அங்கதான் சிக்கல். விர்ச்சுவல் மெஷினுக்குக் கிடைக்கறது டம்மி கிராஃபிக்ஸ் கார்டு. மகள் ஒரு கட்டடத்தைத் திருப்பினா திருவாரூர்த் தேர் மாதிரி ஆடி அசைஞ்சு திரும்பும். இதுக்கு மருந்து பாஸ்த்ரூ. நிஜக் கார்டையே விர்ச்சுவல் மெஷின் கையில கொடுத்துடறது. லினக்ஸ் பிராசஸர்ல இருக்கற ஆன்போர்டு கிராஃபிக்ஸை வெச்சுப் பொழைச்சுக்கும். அந்தக் கார்டு தனக்கு ஒதுக்கின மெமரியைத் தாண்டிக் கை வைக்காம பாத்துக்கற காவல்காரன் பேரு ஐஓஎம்எம்யு. இன்டெல்ல அதை விடி-டின்னு சொல்வாங்க. லினக்ஸ்ல இதுக்கான விஎஃப்ஐஓ 2012-லயே 3.6 கெர்னலோட வந்தாச்சு.

அப்ப இத்தனை வருஷமா தடுத்தது எது? டெக்னாலஜி இல்லைங்க, வியாபாரம்.

2011-ல வந்த இன்டெல் ஐ7-2600-ல விடி-டி உண்டு. அதை விட விலை கூடின 2600கே-ல கிடையாது! 3770கே, 4770கே வரைக்கும் இதே கூத்து. 2014-ல 4790கே வந்தப்பதான் கண்ணைத் திறந்தாங்க.

என்விடியா கதை இன்னும் ஜோர். ஜிஃபோர்ஸ் கார்டோட விண்டோஸ் டிரைவர், தான் விர்ச்சுவல் மெஷின்ல இருக்கோம்னு மோப்பம் பிடிச்சா "கோட் 43"ன்னு சொல்லிட்டுப் படுத்துக்கும். விலை அதிகமான குவாட்ரோ வரிசைக்கு இந்தத் தடை இல்லை. ஆனா கேவிஎம் செட்டிங்ஸ்ல ரெண்டு மூணு வரி சேர்த்து, விர்ச்சுவல் மெஷின்ங்கறதையே மறைச்சா, அதே கார்டு அதே டிரைவரோட ஜம்முனு ஓடிச்சு. 2021 மார்ச்ல ஆர்465 டிரைவரோட கம்பெனியே தடையை எடுத்துச்சு. பழைய கார்டுகளும் ஓடிச்சு. கார்டுல ஒரு திருகாணி கூட மாறலை. அப்ப இத்தனை நாள் இல்லாம இருந்தது திறமையா, அனுமதியா?

"சோதிச்சுப் பாக்காத விஷயத்துக்குக் கம்பெனி எப்படிப் பொறுப்பேத்துக்கும்?"னு நண்பர் ஒருத்தர் கேட்டார். ஏத்துக்க வேண்டாம். "இப்படி ஓட்டினா எங்களைக் கேக்காதே"ன்னு சொல்லட்டும், அது நியாயம். ஆனா உதவ மாட்டேன்னு சொல்றது வேற, குறுக்க நிக்கறது வேற.

சண்டை இன்னும் முடியலை. வீட்டுல ரெண்டு பசங்க இருந்தா, ஒரே கார்டை ரெண்டு விர்ச்சுவல் மெஷினுக்குப் பங்கு போட முடியணும் இல்லையா? என்விடியால அதுக்குத் தொழில்முறைக் கார்டும் தனி லைசென்ஸும் வேணும். 2021-ல ஆர்வலர்கள் எழுதின ஒரு சின்ன நிரல், பாஸ்கல், டூரிங் தலைமுறை ஜிஃபோர்ஸ் கார்டு சிலதுலயும் அதைச் செஞ்சு காட்டிச்சு. மறுபடியும் அதே கேள்விதான்.

அதனால கார்டு வாங்கப் போறவங்க கடைக்காரரைக் கேள்வி கேளுங்க. பிராசஸர்ல விடி-டி உண்டா? ஆன்போர்டு கிராஃபிக்ஸ் இருக்கா? போர்டோட பயாஸ்ல ஐஓஎம்எம்யு ஆன் பண்ண முடியுமா? கார்டு மாட்டற ஸ்லாட் தனி குரூப்பா? எங்க போர்டுல கார்டும் யுஎஸ்பியும் ஒரே குரூப்ல மாட்டிக்கிச்சு. வேற ஸ்லாட்டுக்கு மாத்தினதும்தான் வழிக்கு வந்துச்சு. ஏஎம்டி கார்டுன்னா ரீசெட் பிரச்சினை உண்டான்னும் விசாரிங்க. சில மாடல்கள்ல விர்ச்சுவல் மெஷினை நிறுத்தித் திரும்ப ஓட்டினா கார்டு எழுந்திரிக்காது, மொத்தக் கம்ப்யூட்டரையும் ரீபூட் பண்ணணும்.

கேட்டா கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும். பத்துப் பேர் கேட்டா பதினோராவது ஆளுக்குப் பதில் தயாரா இருக்கும்.

டிஸ்கி: இப்ப ரெவிட்ல கட்டடம் கையோட திரும்புது. முருகர் மட்டும் இன்னும் அலமாரி மேலதான். அது ஓனர் வீடு, அவர் சுவர். கார்டு என்னுது.