லெப்டினன்ட் எதற்கு கேப்டனுக்கு சல்யூட் அடிக்கணும்?

ஒருத்தருக்கு 22 வயது, தோளில் ரெண்டு நட்சத்திரம். எதிரே வருபவருக்கு 24, அவர் தோளில் மூணு. ரெண்டு பேரும் ஒரே அகாடமியில் பயிற்சி எடுத்தவர்கள். ராத்திரி ஒரே மெஸ்ஸில் ஒரே மேஜையில் சாப்பிடப் போகிறவர்கள். ஆனாலும் பகலில் எதிரெதிரே வந்தால் ரெண்டு நட்சத்திரக்காரரின் கைதான் முதலில் மேலே போகவேண்டும். "ஒரு நட்சத்திரத்துக்கு இவ்வளவு பந்தாவா?" என்று வெளியே இருந்து பார்க்கிற யாருக்கும் தோன்றும். வெள்ளைக்காரன் விட்டுப்போன பழக்கம், தூக்கிக் கடாச வேண்டியதுதானே என்பவர்களும் உண்டு.

கடாசக் கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் கொஞ்சம் அடிப்படை. இந்திய ராணுவத்தில் லெப்டினன்டுக்கு ரெண்டு நட்சத்திரம், கேப்டனுக்கு மூணு, மேஜருக்கு அசோகச் சிங்கம். 2004 கடைசியில் ஏ.வி.சிங் கமிட்டியின் பரிந்துரைகள் அமலுக்கு வந்தபிறகு, லெப்டினன்டாக 2 வருஷம் ஓட்டினால் கேப்டன், மொத்தம் 6 வருஷத்தில் மேஜர். அதாவது அந்த மூணாவது நட்சத்திரம் பெரிய அறிவாளி என்பதற்கான சான்றிதழ் எல்லாம் இல்லை. ரெண்டு வருஷம் முன்னாடி வந்தவர், அவ்வளவுதான்.

அதனால்தான் அங்கே சல்யூட் தேவைப்படுகிறது என்பது பலருக்குப் புரிவதில்லை. ஜெனரலுக்கு யாரும் சல்யூட் அடிக்காவிட்டாலும் அவர் ஜெனரல் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. கொடி கட்டிய கார் வந்தாலே தெரிந்துவிடும். சந்தேகம் வருகிற இடம் கீழேதான். கிட்டத்தட்ட ஒரே வயது, ஒரே மாதிரி படிப்பு, "மச்சான்" என்று தோளில் கை போடுகிற அளவுக்குப் பழக்கம். இவர்களில் ஒருவர் ராத்திரி ரெண்டு மணிக்கு "நீ இந்தப் பக்கம் போ" என்று சொன்னால், இன்னொருவர் "ஏன், நீ போயேன்" என்று கேட்காமல் கிளம்ப வேண்டும். அதற்கான தினசரி ஒத்திகைதான் அந்த ரெண்டு செகண்ட் கைத்தூக்கல்.

இதற்கு எதிர்க்கட்சி வாதமும் பலமாகவே இருக்கிறது. இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்ததோ அந்த பிரிட்டிஷ் ராணுவத்திலேயே கேப்டனும் அதற்குக் கீழே உள்ளவர்களும் பொதுவாக ஒருவருக்கொருவர் சல்யூட் அடிப்பதில்லை. மேஜரிலிருந்துதான் ஆரம்பம். அதனால் அந்த ராணுவம் ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை. அமெரிக்காவிலோ விதிப்படி எந்த ஜூனியர் அதிகாரியும் சீனியருக்கு முதலில் அடிக்கவேண்டும். ஆக, கோட்டை எங்கே போடுவது என்பது அவரவர் வசதி. ஆனால் கோடே வேண்டாம் என்று அழித்துப் பார்த்தவர்களின் கதை வேறு. 1917 டிசம்பரில் ரஷ்யாவில் ராணுவப் பதவிகளையே ஒழித்தார்கள். 1935ல் லெப்டினன்ட், கேப்டன் எல்லாம் அப்படியே திரும்பி வந்தன. சீனா 1965ல் பதவிகளை எடுத்துவிட்டு 1988ல் மறுபடி கொண்டுவந்தது. நடுவில் 1979 வியட்நாம் போரில் யார் யாருக்கு உத்தரவு போடுவது என்பதிலேயே குழப்பம் ஆனதாகச் சொல்வார்கள். "தோழர்" என்று கூப்பிட்டுக்கொள்ளும் ராணுவங்களுக்கே இந்த கதி :-)

சரி, அந்த கேப்டன் ஒரு மோசமான ஆளாக இருந்தால்? நிஜமான சிக்கல் இதுதான். இதற்கு 'பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்' (2001) தொடர் பார்த்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு ஜோடியை விட நல்ல உதாரணம் கிடையாது. ரெண்டாம் உலகப்போரில் அமெரிக்காவின் 506வது பாராசூட் ரெஜிமென்ட், ஈஸி கம்பெனி. தளபதி கேப்டன் ஹெர்பர்ட் சோபல். அவருக்கு அடுத்த நிலையில் ஃபர்ஸ்ட் லெப்டினன்ட் ரிச்சர்ட் வின்டர்ஸ். சோபல் வாட்டி எடுக்கிற ஆள். பயிற்சியில் கெட்டி, வரைபடத்தைக் கையில் கொடுத்தால் திண்டாடுவார். 1943ல் இங்கிலாந்தில் இருக்கும்போது, கழிப்பறைச் சோதனைக்கு வரவில்லை என்று வின்டர்ஸ் மேல் குற்றம் சுமத்தினார். நேரத்தை மாற்றிய தகவலே தனக்கு வரவில்லை என்பது வின்டர்ஸ் தரப்பு.

வின்டர்ஸ் என்ன செய்தார் என்பதுதான் கவனிக்கவேண்டியது. சல்யூட்டை நிறுத்தவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு கலாட்டா பண்ணவில்லை. சின்ன தண்டனையை வாங்கிக்கொண்டு போகாமல், ராணுவ விசாரணை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அதே சமயம் கம்பெனியின் சார்ஜென்ட்கள் சோபலின் கீழ் போருக்குப் போக மாட்டோம் என்று பதவியை ராஜினாமா செய்ய முன்வந்தார்கள். அது வேறு ஒரு பெரிய ரிஸ்க், போர்க்காலத்தில் தலையே போயிருக்கலாம். கடைசியில் சோபல் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டார். 1945ல் வின்டர்ஸ் மேஜர் ஆனபோதும் சோபல் கேப்டன்தான். தொடரில் சோபல் வின்டர்ஸைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நழுவப் பார்ப்பார். வின்டர்ஸ் கூப்பிட்டு நிறுத்துவார். சல்யூட் ஆளுக்கு இல்லை, பதவிக்கு என்று அமைதியாகச் சொல்லிவிட்டு நிற்பார். இதைப் பழிவாங்கல் என்று ரசித்துக் கைதட்டுகிறவர்கள்தான் அதிகம். கொஞ்சம் பழிவாங்கலும் இருக்கலாம், யார் கண்டது. ஆனால் 1943ல் அதே விதிப்படி சோபலுக்குக் கையைத் தூக்கியவர் அவர். அதனால் கேட்கும் தகுதி அவருக்கு இருந்தது.

இங்கே இன்னொரு பாதி இருக்கிறது. அதை யாரும் பேசுவதில்லை. சல்யூட் என்பது ஒருவழிப்பாதை கிடையாது. காமர்ஸ் பாஷையில் சொன்னால் அது இரட்டைப் பதிவு. ஒரு பக்கம் பற்று எழுதினால் மறுபக்கம் வரவு எழுதியாக வேண்டும். லெப்டினன்ட் அடித்த சல்யூட்டுக்கு கேப்டன் பதில் சல்யூட் அடிக்காமல் செல்போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டிவிட்டுப் போனால் கணக்கு டேலி ஆகவில்லை என்று அர்த்தம். முதலில் அடிக்காதவரைக் கூப்பிட்டுத் திட்டுகிற வழக்கம் இருக்கிற அளவுக்கு, திருப்பி அடிக்காதவரைக் கேட்கிற வழக்கமும் வேண்டும். தப்பு என்று பார்த்தால் ரெண்டாவதுதான் பெரிய தப்பு. முதலாமவர் கவனிக்காமல் விட்டிருக்கலாம். ரெண்டாமவருக்கு அந்தச் சாக்கும் இல்லை, அவர் பார்க்கத்தான் ஒருத்தர் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாரே.

லெப்டினன்ட் பக்கமே இதைத் திருப்பியும் பார்க்கலாம். சென்னை பரங்கிமலையில் 1963லிருந்து ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி இருக்கிறது. 'அமரன்' (2024) படத்தின் நாயகன் மேஜர் முகுந்த் வரதராஜன் அங்கே பயின்றவர்தான். (அவரும் பி.காம். என்பது நம்ம மக்களுக்கான கூடுதல் தகவல்!) அங்கிருந்து நட்சத்திரம் குத்திக்கொண்டு வெளியே வரும் 22 வயதுப் பிள்ளை யூனிட்டுக்குப் போனதும், கிட்டத்தட்ட 30 வருஷ சர்வீஸ் போட்ட சுபேதார் மேஜர் அவருக்கு விறைப்பாக சல்யூட் அடிப்பார். பிள்ளை பிறப்பதற்கு முன்னாலேயே துப்பாக்கி பிடித்தவர். கேப்டனுக்கு சல்யூட் அடிக்க "ஈகோ" இடிக்கிறது என்று புலம்புகிற லெப்டினன்ட் எவரும், இந்த சல்யூட்டை வாங்கும்போது மட்டும் ஈகோ பற்றி யோசிப்பதில்லை. பதிலுக்கு அதிகாரிகள் அவரை "சாஹிப்" என்று மரியாதையாகத்தான் கூப்பிடவேண்டும் என்ற வழக்கமும் இருக்கிறது. நல்ல வழக்கம்.

இந்த "ஆளுக்கு இல்லை, பதவிக்கு" என்பது சினிமா வசனமாகவே நின்றுவிடவில்லை, சுப்ரீம் கோர்ட் வரை போயிருக்கிறது. 1992லிருந்து பெண்கள் அதிகாரிகளாக ராணுவத்தில் சேர்க்கப்படுகிறார்கள். ஆனால் அவர்களுக்கு நிரந்தரப் பணி, தலைமைப் பொறுப்பு என்று வந்தபோது, கிராமத்திலிருந்து வரும் ஜவான்கள் பெண் அதிகாரியை ஏற்றுக்கொள்ளும் மனநிலையில் இல்லை என்று அரசுத் தரப்பிலேயே வாதம் வைத்தார்கள். 2020 பிப்ரவரி 17 தீர்ப்பில் கோர்ட் இதை ஒதுக்கித் தள்ளியது. அந்த ஜவான்கள் அத்தனை வருஷமும் பெண் லெப்டினன்டுக்கும் பெண் கேப்டனுக்கும் சல்யூட் அடித்துக்கொண்டுதானே இருந்தார்கள்? தோளில் இருப்பதைப் பார்த்து அடிக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு, ஆளைப் பார்த்து ஏற்க மாட்டான் என்று நீங்களே சொன்னால் எப்படி?

கடைசியாக, இதில் நிஜமாகவே திருத்தவேண்டியது ஒன்று உண்டு என்றால் அது பெயர்க் குழப்பம். கடற்படையில் "லெப்டினன்ட்" என்றால் அவர் ராணுவ கேப்டனுக்குச் சமம். கடற்படையில் "கேப்டன்" என்றால் அவர் ராணுவ கர்னலுக்குச் சமம். விமானப்படையில் ஃப்ளைட் லெப்டினன்ட் என்பவர் ராணுவ கேப்டன். கை வைக்கிற விதமும் மூணு படைக்கும் மூணு மாதிரி. தரைப்படைக்கு உள்ளங்கை எதிராளிக்குத் தெரியவேண்டும், கடற்படைக்குக் கீழே பார்க்கவேண்டும், விமானப்படை 2006லிருந்து ரெண்டுக்கும் நடுவில் 45 டிகிரி. கூட்டுப் பயிற்சிக்குப் போன தரைப்படை லெப்டினன்ட் ஒருவர், எதிரே வரும் வெள்ளைச் சீருடைக்காரர் தன்னை "லெப்டினன்ட்" என்று அறிமுகப்படுத்திக்கொண்டால், "அட, நம்ம ஆளு" என்று கை குலுக்கப் போய்விடாமல் முதலில் அவர் தோளைப் பார்ப்பது உத்தமம்.