நடுங்குவது நம்ம கை, தேடுவது யாரோட ஜீன்?

வடபழனி கோயில் குளத்தங்கரையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் சிலரின் ஒரு கை மட்டும், விபூதியை இரண்டு விரலால் உரசுவது போல, தானாக ஆடிக்கொண்டே இருக்கும். "வயசாச்சு, நரம்புத் தளர்ச்சி" என்று வீட்டில் முடித்துவிடுவார்கள். அது பார்க்கின்சன் நோயாகவும் இருக்கலாம்.

இப்போது இன்னொரு சால்ஜாப்பும் சேர்ந்திருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் மகன் எச்சிலைக் குப்பியில் துப்பி அனுப்பி, "நம்ம குடும்பத்துக்கு அந்த ஜீன் இல்லைப்பா" என்கிறார். எந்த ஜீன்? 2017ல் அமெரிக்க அரசு 23அண்ட்மீ நிறுவனத்துக்கு அனுமதித்த பார்க்கின்சன் சோதனை பார்த்தது இரண்டே இரண்டு மாற்றங்களை! அதில் ஒன்று எல்ஆர்ஆர்கே2 ஜீனில் வருவது.

இந்த ஜீன் ஒரு கைனேஸை, அதாவது மற்ற புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டும் என்சைமை, உண்டாக்குகிறது. பார்க்கின்சனோடு இதற்குள்ள தொடர்பு 2004ல் தெரியவந்தது. ஸ்பெயினின் பாஸ்க் குடும்பங்களிலும் அதைக் கண்டதால், நடுக்கத்துக்கான பாஸ்க் சொல்லை வைத்து 'டார்டரின்' என்றும் பெயரிட்டார்கள். செல்லின் எலும்புக்கூடான நுண்குழாய்கள்தான் சரக்கு போகும் தண்டவாளம். இந்த என்சைம் அதன்மேல் ஒட்டிக்கொண்டால் சரக்கை இழுக்கும் மோட்டார் புரதங்கள் நின்றுவிடுவதை 2020ல் சோதனைக்கூடத்தில் காட்டினார்கள். ஆற்காடு ரோட்டில் மெட்ரோவுக்குத் தடுப்பு வைத்தபோது பஸ்கள் நின்ற கதைதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். அந்தச் சோதனை தேடும் ஜி2019எஸ் மாற்றம் வட ஆப்பிரிக்க அரபு, பெர்பர் நோயாளிகளில் மூன்றில் ஒருவருக்கு மேல் இருக்கிறது. அஷ்கெனாசி யூத நோயாளிகளிடமும் அதிகம். இந்திய நோயாளிகளிடமோ மிக மிக அபூர்வம் என்று 2006லேயே ஆய்வு வந்துவிட்டது. ஊரில் இல்லாத திருடனைத் தேடிவிட்டு, "திருட்டே நடக்காது" என்று சான்றிதழ் கொடுத்தால் எப்படி? (அந்த மாற்றம் உள்ள எல்லோருக்கும் நோய் வருவதுமில்லை என்பது தனிக் கூத்து.)

நம் மரபணுக்களைப் படிக்கவே இல்லையா என்றால், படித்தார்கள். ஜீனோம் இந்தியா திட்டத்தில் சுமார் 10,000 பேரின் மரபணுத் தொகுதி 2024ல் முடிந்தது. ஆனால் அவர்கள் ஆரோக்கியமானவர்கள். கை நடுங்குகிறவர்களின் ஜீனையும் அதே அளவு செலவழித்துப் படிக்காமல், அயல்நாட்டுப் பட்டியலை நம் தலையில் கட்டுவது விஞ்ஞானம் அல்ல, வியாபாரம்.

அதுவரை அப்பாவை ரிப்போர்ட்டைக் காட்டி உட்கார வைக்காதீர்கள். நரம்பியல் டாக்டர் நடக்கச் சொல்லி, கையை மடக்கிப் பார்த்துத்தான் இந்த நோயைக் கண்டுபிடிக்கிறார். லெவோடோபா மாத்திரை எழுத ஜீன் ரிப்போர்ட் தேவையில்லை. வடபழனியில் மெட்ரோ ஏறினால் சென்ட்ரல். எதிரிலேயே அரசுப் பொது மருத்துவமனை.